ஒருத்தர்கிட்டயும் பேசாம ஒரு நாட்டுக்கு கலாச்சாரம் இல்லன்னு சொல்லலாமா?

ஒரு தமிழ் யூடியூபர் ஆஸ்திரேலியாவைச் சுத்திப் பாத்துட்டுப் போட்ட வீடியோ பத்தி எழுத வேணாம்னுதான் இருந்தேன். ஆனா ரெண்டு நாளா இன்பாக்ஸ்ல ஆளாளுக்கு அதையே அனுப்பி "அண்ணா, உங்க ஆஸ்திரேலியாவை கரெக்டா புட்டுப்புட்டு வச்சிருக்காருல்ல"ன்னு கேக்குறீங்க. இல்லைங்க, கரெக்டா வைக்கல. "இருநூறு வருஷ நாடு, பீச்சும் கங்காருவும் விட்டா ஒண்ணுமில்ல, கலாச்சாரமே கிடையாது"ன்னு முடிச்சிட்டாரு. திரும்பப் போட்டுப் பாருங்க, முழு வீடியோவுலயும் இந்த ஊர்க்காரங்க ஒருத்தர்கிட்டயாவது உக்காந்து பேசியிருக்காரா? பேசல. எனக்கு எரிச்சல் அதுலதான்.

சிட்னி ஓபரா ஹவுஸ் வாசல்ல நின்னுதான் அந்த இருநூறு வருஷ வசனத்தை சொன்னாரு. அந்த இடத்துக்குப் பேரு பென்னலாங் பாயிண்ட். பென்னலாங் இந்த மண்ணோட ஆளு, வாங்கல்ங்கிற பழங்குடி இனத்துக்காரர், 1790ல கவர்னர் அவருக்கு அங்க ஒரு சின்ன வீடு கட்டிக் கொடுத்தாரு, ரெண்டு வருஷம் கழிச்சு அவர் கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போயிட்டு வந்தாரு. வெள்ளைக்காரன் கப்பல் 1788ல வந்தப்ப இந்தக் கண்டத்துல 250க்கு மேல மொழிங்க இருந்துச்சு. வடக்க மஜெட்பெபேங்கிற பாறைக் குகையில மனுஷங்க 65,000 வருஷம் முன்னாடியே இருந்திருக்காங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. சரி, இதெல்லாம் படிச்சாதான் தெரியும்னு வச்சுக்குவோம். கேட்டாலும் தெரிஞ்சிருக்கும்ல, யாரையாவது கேட்டிருக்கணும்ல?

அப்புறம் கடலோரமாப் போற கிரேட் ஓஷன் ரோடு. அங்க கடல்ல நிக்கிற பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறை முன்னாடி ட்ரோன் விட்டுட்டு அப்படியே திரும்பிட்டாரு. அங்கிருந்து மேற்க இன்னும் ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டியிருந்தா பட்ஜ் பிம் வந்திருக்கும். நான் போயிருக்கேன். எரிமலைக் குழம்பு ஓடி இறுகிப்போன கல்லை எடுத்து வாய்க்கால் வெட்டி, தடுப்பு கட்டி, விலாங்கு மீனை உள்ள விட்டு வளத்துப் புடிச்சிருக்காங்க குன்டிட்ஜ்மாராங்கிற பழங்குடி ஜனங்க, அதுல ஒரு பகுதி 6,600 வருஷப் பழசு. 2019ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு. எங்களைக் கூட்டிட்டுப் போனவரும் குன்டிட்ஜ்மாராதான். தண்ணி எந்தப் பக்கமா ஏறும், எங்க வடியும், கூடையை எந்த இடுக்குல வைக்கணும்னு கையை நீட்டி நீட்டி சொல்லிட்டே வந்தாரு, நான் ஒரு வார்த்தை பேசாம பின்னாடியே நடந்தேன். எங்க ஊர்ப்பக்கம் ஏரிக்கு மடை பாத்துவிட்ட நீர்க்கட்டி தாத்தாதான் அன்னிக்கு முழுக்க ஞாபகத்துல இருந்தாரு. அந்த மனுஷன்கிட்ட போய் "உங்களுக்கு கலாச்சாரம் இல்ல"ன்னு சொல்ல யாருக்காவது வாய் வருமா?

"அது பழங்குடிங்க கதை, வெள்ளைக்காரனுக்கு என்ன இருக்கு"ன்னு ஒரு தம்பி கமெண்ட்ல கேட்டிருக்காரு. பிலோவீலா தெரியுமா தம்பி? குயின்ஸ்லாந்துல உள்ளடங்கின ஒரு ஊரு, மாட்டுப் பண்ணை, நிலக்கரி, ஒரு இறைச்சி ஆலை, சுமார் 6,000 பேரு. 2018 மார்ச்ல விடியக்காலையில ஒரு ஈழத்தமிழ்க் குடும்பத்தை அந்த ஊர்ல இருந்து அதிகாரிங்க தூக்கிட்டுப் போனாங்க, அப்பா அம்மா, இங்கயே பொறந்த ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அடுத்த வருஷம் நாடு கடத்த பிளேன்லயே ஏத்திட்டாங்க, கோர்ட்டு உத்தரவு வந்துதான் டார்வின்ல இறக்குனாங்க, அப்புறம் கிறிஸ்மஸ் தீவுல அடைச்சு வச்சாங்க. அந்தப் பிலோவீலா ஜனங்க விட்டாங்களா? நாலு வருஷம் விடல. கையெழுத்து வாங்கினாங்க, தெருவுல நின்னாங்க, பார்லிமெண்ட் எம்.பி.க்களைப் போய்ப் பாத்தாங்க. தமிழ்ல ஒரு எழுத்து தெரியாதவங்க, "எங்க ஊருக்காரங்களை எங்களுக்குத் திருப்பிக் கொடு"ன்னு கேட்டாங்க. 2022 ஜூன்ல அந்தக் குடும்பம் வீடு திரும்புச்சு, ஆகஸ்ட்ல நிரந்தர விசாவும் கிடைச்சுது. பக்கத்து வீட்டுக்காரனுக்காக ஒரு ஊரே நாலு வருஷம் நிக்கிறதுக்குப் பேரு கலாச்சாரம் இல்லன்னா அப்புறம் எதுதான் கலாச்சாரம், கோபுரம் இருந்தாதானா? நம்ம புள்ளைங்களுக்காக அவங்க நின்னிருக்காங்க. ஒரு தமிழ் யூடியூபர் இந்த நாட்டுக்கு வந்து அந்த ஊர்ப் பேரைக்கூட சொல்லாமப் போறாரு. எனக்கு அது வலிக்குது, மறைக்கல.

காட்டுத்தீ அணைக்கப் போற நாட்டுப்புற ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க சம்பளம் வாங்காதவங்க. என்கூட வேலை பாக்குற ஒருத்தர் லீவு போட்டுட்டுப் போவாரு, திரும்பி வந்தா அதைப் பத்தி வாயே திறக்க மாட்டாரு. நாமளாப் போய்க் கேட்டாதான் சொல்லுவாரு. இதெல்லாம் ட்ரோன்ல தெரியாதுங்க.

அடுத்து என்ன வரும்னு தெரியும், "வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா". ஏற்கனவே ரெண்டு பேர் போட்டாச்சு. 1901ல வெள்ளையரல்லாதவங்களை உள்ள விடக்கூடாதுன்னே சட்டம் போட்ட நாடு இது, தெரியும். பழங்குடிக் குழந்தைகளை அம்மாகிட்ட இருந்து பிடுங்கிட்டுப் போயி, அதுக்கு 2008லதான் பார்லிமெண்ட்ல மன்னிப்புக் கேட்ட நாடு. பார்லிமெண்ட்டுக்கு ஆலோசனை சொல்ல பழங்குடிகளுக்குன்னு ஒரு அமைப்பு வேணுமான்னு 2023 அக்டோபர்ல வாக்கெடுப்பு வச்சப்ப ஆறு மாநிலமும் வேணாம்னு சொல்லிருச்சு. அன்னிக்கு ராத்திரி நான் சரியா சாப்பிடல. அந்தக் குடும்பத்தைத் தீவுல அடைச்சதும் இதே நாடுதான். நான் எதையும் மூடி மறைக்கல. ஆனா ஒரு நாட்டோட சண்டை, அசிங்கம், வெட்கம், நல்லது எல்லாம் தெரிஞ்சு திட்டுறது வேற, எதுவுமே தெரிஞ்சுக்காம "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டுப் போறது வேற. "டூரிஸ்ட்டுக்கு எங்க நேரம்"னு கேக்காதீங்க, நேரம் இல்லன்னா தீர்ப்பும் சொல்லாதீங்க, அவ்வளவுதான்.

அவரை மட்டும் சொல்லியும் பிரயோஜனம் இல்ல. மெல்பர்ன்ல வருஷக்கணக்கா இருக்குற நம்ம ஆளுங்க எத்தனை பேருக்கு தாங்க குடியிருக்குற மண்ணு எந்த ஜனங்களோடதுன்னு தெரியும்? போன பொங்கல் விழாவுல இந்த மண்ணோட மூத்த குடிகளுக்கு மரியாதை செலுத்தி நாலு வரி வாசிச்சப்ப ஹால்ல பாதி பேர் போண்டா வரிசையில பேசிட்டு நின்னாங்க. மூத்த குடி மூத்த குடின்னு மேடைக்கு மேடை பேசுறவங்க நாம. அந்த ஜனங்கள்ல ஒரு பெரியவரைக் கூப்பிட்டு முன்வரிசையில உக்கார வச்சு, அவரையே பேச வைப்போம்னு கமிட்டியில கேட்டேன், "நம்ம விழாவுல அதெல்லாம் எதுக்குப்பா"ன்னுட்டாங்க. வர்ற பொங்கலுக்கும் கேப்பேன். கமிட்டியில இருக்குறவங்க இதைப் படிக்கிறீங்கன்னு தெரியும், இந்தத் தடவை எதுக்குன்னு கேக்காம எப்பன்னு சொல்லுங்க, போய்க் கூப்பிடுற வேலையை நான் பாத்துக்கிறேன்.