குவார்ட்சைட் வேறு, குவார்ட்ஸ் வேறு

சமையலறை மேடைக்குப் போடும் கற்களில் குவார்ட்சைட்டும் குவார்ட்ஸும் ஒன்றுதான் என்பது போலச் சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. மணற்கல் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகி உருமாறிய இயற்கைக் கல்தான் குவார்ட்சைட். கடையில் குவார்ட்ஸ் என்று விற்பது குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு கலந்து ஆலையில் வார்த்த பலகை, கொதிக்கிற பாத்திரத்தை நேராக வைத்தால் அந்தப் பிசின் கருகிவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை, மார்பிளையே குவார்ட்சைட் என்று தலையில் கட்டுவது. நானே ஒருமுறை ஏமாந்தவன். வாங்கப்போகும் பலகையிலிருந்தே ஒரு துண்டு கேட்டு, அதன் கூர்முனையால் கண்ணாடியில் கீறிப் பாருங்கள். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் குவார்ட்சைட் 7 வரும், கண்ணாடி 5.5 தான், அதனால் கீறல் விழுந்தே ஆக வேண்டும். அப்புறம் பளபளப்பான பக்கத்தில் எலுமிச்சைச் சாறு விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள், மங்கிய தடம் தெரிந்தால் அதில் சுண்ணாம்புக் கனிமம் கலந்திருக்கிறது.

கல்லின் மேல் பூசும் பாதுகாப்புத் திரவமான சீலர் விஷயம் எளிது: தண்ணீர்ச் சொட்டு பட்ட இடம் சில நிமிடத்தில் கறுத்தால் மறுபடி பூச வேண்டியதுதான். ஆனால் சீலர் கறை இறங்குவதைத்தான் தாமதப்படுத்தும், அமில அரிப்பைத் தடுக்காது.