பஸ் நிற்க ஓர் இடம் வேண்டும்

திருச்சியின் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒருவர் மேம்பாலம் வேண்டும் என்கிறார், இன்னொருவர் மெட்ரோ வேண்டும் என்கிறார். 2025 ஜூலையில் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூர் முனையத்துக்கு மாறியபோது, இனி ஊருக்குள் மூச்சு விடலாம் என்று பலர் நம்பினார்கள். அந்த முனையம் தேவைதான், வரவேற்கிறேன். ஆனால் டவுன் பஸ்ஸில் இந்த ஊரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கடக்கிறவர்களைக் கேளுங்கள். அவர்கள் கேட்பது மிகச் சிறியது. பஸ் நிறுத்தத்தில் பஸ் வந்து நிற்க வேண்டும். இன்று திருச்சியின் பாதி நிறுத்தங்களில் அது நடப்பதில்லை.

எனக்கு வீடு திருவானைக்காவலில், வேலை துவாக்குடிப் பக்கம். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பிறகு மெயின்கார்டு கேட், காந்தி மார்க்கெட், பால்பண்ணை, அரியமங்கலம், திருவெறும்பூர் என்று நீளும் வழி. எங்களுடையது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு என்பதால் பாலம் ஏறாமல் எங்கும் போக முடியாது. 1976-இல் திறந்த காவிரிப் பாலத்தைப் பழுதுபார்ப்பதற்காக 2022 இறுதியில் மூடி, 2023 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். அதுவரை பஸ்கள் சென்னை புறவழிச் சாலைப் பாலம் வழியாகச் சுற்றிப்போயின. பாலம் திறந்தால் போதும், நேரத்துக்கு வேலைக்குப் போய்விடலாம் என்று எல்லோரும் காத்திருந்தோம். திறந்த பிறகும் காலை நேரப் பயணம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அப்போதுதான் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். பஸ் ஓடுகிற நேரத்தைவிட, நிறுத்தத்தை நெருங்க முடியாமலும், நின்றபின் கிளம்ப முடியாமலும் வீணாகிற நேரம்தான் அதிகம்.

காந்தி மார்க்கெட் அருகே காலையில் ஒருமுறை நின்று பாருங்கள். நிழற்குடை இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு வரிசையில் இருசக்கர வாகனங்கள். அவற்றை ஒட்டி வெங்காய மூட்டை இறக்கும் லோடு ஆட்டோ, அதற்கும் வெளியே பழவண்டி. நிழற்குடைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வருகிற பஸ்ஸின் போர்டே தெரியாது. அதனால் எல்லோரும் தார்ச்சாலையில் இறங்கி நிற்கிறார்கள். பஸ்ஸும் ஒதுங்க வழியில்லாமல் நட்டநடுச் சாலையில் நிற்கிறது.

கல்லணைப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கீரை கொண்டுவந்து விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு ஊர் திரும்பும் வயதான அம்மா ஒருவரை அங்கே அடிக்கடி பார்க்கிறேன். முதலில் கூடையை உள்ளே வீசுவார். பிறகு இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற முயல்வார். சாலைமட்டத்திலிருந்து முதல் படி அவருடைய முழங்கால் உயரம் இருக்கும். உள்ளே நிற்கும் யாராவது கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அதே நேரத்தில் பஸ்ஸுக்கும் நடைமேடைக்கும் இடையில் கிடைத்த சந்தில் ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டு புகுந்து போகும். கண்டக்டர் "பார்த்தும்மா, பார்த்து" என்று கத்துவார். பஸ் நடைமேடையை ஒட்டி நின்றால் அந்தப் படியின் உயரம் பாதியாகக் குறைந்துவிடும். அந்த அம்மா யார் கையையும் எதிர்பார்க்காமல் தானே ஏறிவிடுவார்.

இப்படி நடுச்சாலையில் நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு பஸ், கார்கள், சில நாட்களில் ஆம்புலன்ஸ். பிறகு "பஸ்ஸால்தான் நெரிசல்" என்கிறார்கள். இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அறுபது பேர் ஒரே வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போவதால்தான் மற்றவர்களுக்குச் சாலையில் இந்த அளவாவது இடம் மிஞ்சுகிறது. அந்த அறுபது பேரும் ஆளுக்கொரு பைக்கில் கிளம்பினால் மரக்கடைப் பகுதிச் சாலை தாங்குமா?

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற உத்தரவு 2021 மே மாதம் வந்தது. என்.எஸ்.பி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற பெண்களுக்கும், வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும், என் போன்றவர்களுக்கும் அது எத்தனை பெரிய ஆறுதல் என்பது மாதக் கடைசியில் கையில் நிற்கும் பணத்தில் தெரியும். ஆனால் கட்டணமில்லாப் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப்போய் நின்றால், ஓடக்கூடியவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. முழங்கால் வலியுள்ளவர், கர்ப்பிணி, இடுப்பில் குழந்தை வைத்திருப்பவர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கை காட்டியும் நிற்காமல் போன பஸ்கள் எனக்கும் உண்டு. அதற்கு டிரைவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பது சாலையில் தெளிவாக இல்லாதபோது எங்கே வேண்டுமானாலும் நிற்கிற பழக்கம் வருகிறது. நிற்காமலே போவதற்கும் அதுவே சாக்காகிவிடுகிறது. தனியார் பஸ்ஸும் அரசு பஸ்ஸும் முந்திக்கொண்டு ஓடுவது தனிக்கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பால்பண்ணையைத் தாண்டினால் பிரச்சினை வேறு விதம். அங்கே நெரிசலைவிட வேகம்தான் பயம். பால்பண்ணைக்கும் துவாக்குடிக்கும் இடையே உள்ள 14.5 கிலோமீட்டருக்குச் சர்வீஸ் சாலை வேண்டும் என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்கிறார்கள். நிலம் எடுப்பது, கடைக்காரர்களின் எதிர்ப்பு, வழக்கு என்று அது இழுத்துக்கொண்டே போகிறது. டவுன் பஸ் நான்குவழிச் சாலையின் ஓட்டப்பாதையிலேயே நின்று ஆட்களை இறக்குகிறது. பின்னால் தஞ்சாவூர் போகும் வண்டிகள் பறந்து வருகின்றன. இருட்டிய பிறகு அங்கே இறங்கி எதிர்ப்பக்கம் போக வேண்டியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். சர்வீஸ் சாலை வரட்டும், கட்டாயம் வர வேண்டும். அதுவரை, அரசு நிலம் இருக்கும் இடங்களிலாவது பஸ் ஒதுங்கி நிற்க ஒரு வளைவு வெட்டிக் கொடுக்கலாமே.

இதை யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல். சாலை ஒரு துறை, நிழற்குடை இன்னொரு துறை, வாகனத்தை அகற்றுவது போலீஸ், பஸ் போக்குவரத்துக் கழகத்தினுடையது. ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். அவர்கள் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டினார்கள்.

சென்னையில் 2024 முதல் தாழ்தளப் பஸ்கள் மறுபடி ஓடுகின்றன. நிறுத்தத்தில் ஒரு பக்கம் தாழ்ந்து கொடுக்கும், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கும். நம் ஊருக்கும் அவை வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வந்தாலும், நடைமேடையை ஒட்டி நிற்க இடமில்லாவிட்டால் அந்தச் சாய்தளத்தை எங்கே இறக்குவார்கள்?

தள்ளுவண்டிக்காரர்களை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். நிழற்குடைக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுங்கள். முன்னால் இரண்டு பஸ் நிற்கும் நீளத்துக்கு மஞ்சள் கோடு போடுங்கள். அதற்குள் பைக் நிறுத்தினால் அபராதம் வாங்குங்கள். முதலில் காந்தி மார்க்கெட், மரக்கடை, பால்பண்ணை, திருவெறும்பூர் ஆகிய நான்கு இடங்களில் மட்டும் செய்து பாருங்கள்.

வருகிற திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறோம். உங்கள் நிறுத்தத்தில் பஸ் எங்கே நிற்கிறது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரியும்படி ஒரு படம் எடுத்து, இடத்தின் பெயரோடும் நேரத்தோடும் எனக்கு அனுப்புங்கள். மனுவோடு இணைத்துவிடுகிறேன்.