நகல் எடுத்தவர்கள் அல்லர்

ஜப்பானியச் சிந்தனை பற்றிய கட்டுரை ஒன்றுக்கு மறுமொழி இது. சீன அறிஞர் ஜு சி கன்ஃபூசியஸின் போதனைகளுக்குப் புதுவடிவம் தந்து உருவாக்கிய நவகன்ஃபூசியத்தை ஜப்பானியர் அப்படியே வாங்கி, மேலே தம் மரபுச் சமயமான ஷிந்தோவைப் பூசிக்கொண்டார்கள் என்று கட்டுரையாளர் முடிப்பது, ஜப்பானிய அறிஞர் ஹயாஷி ரசானை மட்டும் வைத்துப் பார்த்தால் ஓரளவு பொருந்தலாம். இன்னொரு ஜப்பானிய அறிஞரான யமசாகி அன்சாய்க்கு (1619–1682) அது சற்றும் பொருந்தாது. இளமையில் ஜென் பௌத்தத் துறவியாக இருந்து, பின்னர் ஜு சியின் நூல்களில் ஆழ்ந்த அவர், அறநெறியின் அடித்தளமாகக் கொண்டது 'கெய்' எனப்படும் பயபக்தி கலந்த மனஅடக்கத்தை. இதற்கான ஜப்பானியச் சொல் 'ட்சுட்சுஷிமி'. அதை அவர் மண்ணைக் குறிக்கும் 'ட்சுச்சி'யோடும் இறுகுதலைக் குறிக்கும் வினையோடும் இணைத்து, மண் இறுகுவது போல மனம் இறுகி நிற்பதே அறம் என்று விளக்கினார். மொழியியலார் இதை ஏற்கமாட்டார்கள் (எனக்கும் இது வலிந்த பொருளாகவே படுகிறது), ஆனால் சீனத்துக் கருத்துக்கும் ஷிந்தோவுக்கும் வேர் ஒன்றே என்று அவர் உண்மையிலேயே நம்பியதை இது காட்டுகிறது. அவர் நிறுவிய மரபுக்கு சுய்கா ஷிந்தோ என்று பெயர்.

கன்ஃபூசியஸ் தளபதியாகவும் அவர் வழிவந்த சீனச் சிந்தனையாளர் மென்சியஸ் துணைத்தளபதியாகவும் ஜப்பான்மீது படையெடுத்து வந்தால் என்ன செய்வது என்று அன்சாய் தம் மாணவர்களிடம் கேட்டதாக ஒரு கதை உண்டு. மாணவர்கள் வாயடைத்து நிற்க, கவசம் பூண்டு ஈட்டியேந்திப் போரிட்டு அவ்விருவரையும் சிறைபிடிப்பதே கன்ஃபூசியஸ் கற்பித்த வழி என்றாராம். நடந்ததோ புனைந்ததோ, ஆசான்மேல் கொண்ட மதிப்பையும் நாட்டுக்குரிய கடமையையும் அவர் எப்படிப் பிரித்தறிந்தார் என்பது இதில் தெளிவு.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்று: இந்த இணைப்பை அவருடைய தலைமாணாக்கர்களே ஏற்கவில்லை. சாத்தோ நவோகத்தாவும் அசாமி கெய்சாயும் ஷிந்தோ விஷயத்தில் ஆசானிடமிருந்து விலகிப்போனார்கள்.