சாலிட் ஸ்டேட் ஆம்புக்குப் பொருத்தம் பார்ப்பது எப்படி?

"இந்த ஆம்ப் கொஞ்சம் வார்ம், அதனால் ட்ரெபிள் தூக்கலான ஹெட்ஃபோனோடு சேரும். அந்த ஆம்ப் ப்ரைட், மந்தமான ஹெட்ஃபோனுக்கு அதுதான் மருந்து." ஹெட்ஃபோன் பைத்தியங்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், ஹெட்ஃபோனுக்கும் அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபையருக்கும் இந்தப் பொருத்தம் பார்க்கும் படலம் தொடங்கிவிடும். கண்ணாடிக் குழாய் வைத்த வால்வு ஆம்ப் பற்றிய பேச்சாக இருந்தால் இதில் விஷயம் உண்டு. ஆனால் டிரான்சிஸ்டரோ ஆப்-ஆம்ப் சிப்போ வைத்து ஒழுங்காகச் செய்த சாலிட் ஸ்டேட் ஆம்ப் என்றால், இந்தப் பேச்சில் முக்கால்வாசி வெட்டிப்பேச்சு என்பதுதான் என் கட்சி. பொருத்தம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டியது வேறு: வோல்டேஜ், கரன்ட், அவுட்புட் இம்பீடன்ஸ் (கரன்டுக்கு ஆம்ப் தன் பக்கம் காட்டும் எதிர்ப்பு, ஓமில்), பின்னணி இரைச்சல். நாலும் எண்கள். நாலையும் கடையில் காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

முதலில் "300 ஓம் ஹெட்ஃபோனை ஓட்டுவது கஷ்டம், 32 ஓம் சுலபம்" என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ், அதாவது இந்த ஓம் எண், மட்டும் எதையும் சொல்லாது. சென்சிடிவிட்டியையும் (கொடுத்த பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்) சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு வரும். சென்ஹைசர் எச்டி 600 ஹெட்ஃபோன் 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்குச் சுமார் 97 டெசிபல். இசையின் உச்ச சத்தம் 110 டெசிபல் வரை போக இடம் வேண்டும் என்று வைத்தால், 13 டெசிபல் கூட வேண்டும், அதாவது 20 மில்லிவாட். வோல்டேஜில் சொன்னால் சுமார் 2.4 வோல்ட், கரன்ட் வெறும் 8 மில்லிஆம்பியர். இப்போது ஹைஃபைமேன் எச்இ-6. 50 ஓம்தான், ஆனால் சென்சிடிவிட்டி 83.5 டெசிபல். அதே 110 டெசிபலுக்கு 450 மில்லிவாட் கேட்கும். 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர். கரன்ட் பன்னிரண்டு மடங்கு! அந்த ஹெட்ஃபோனைச் சிலர் நேராக ஸ்பீக்கர் ஆம்பிலேயே மாட்டிக் கேட்டது சும்மா இல்லை.

எச்டி 600 கேட்பது வோல்டேஜ், எச்இ-6 கேட்பது வோல்டேஜும் கரன்டும். 600 ஓம் பேயர்டைனமிக் டிடி 880 கூட ஏறக்குறைய 4 வோல்ட்தான் கேட்கும், கரன்ட் 7 மில்லிஆம்பியருக்குள் முடிந்துவிடும். மேசையில் வைக்கும் சாதாரண ஆம்புக்கு இது ஒரு வேலையே இல்லை. 600 என்ற எண்ணைப் பார்த்து மிரள்வதில் அர்த்தமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், சிலருக்குக் கோபம் வரும். போனில் செருகும், ஒரு வோல்ட் தரும் சாதாரண டாங்கிளில் எச்டி 600-ஐ மாட்டினால் உச்சத்தில் சுமார் 102 டெசிபல் கிடைக்கும். சராசரியாக 75, 80 டெசிபலில் கேட்கிறவருக்கு, 20 டெசிபல் ஏறி இறங்கும் இசையில்கூட, அது போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்வதே 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான். மெதுவாகப் பதிவு செய்த ஆல்பங்கள், ஈக்யூவுக்காக (பேஸ், ட்ரெபிளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) முன்கூட்டியே குறைத்த சத்தம், இவற்றுக்கெல்லாம் கூடுதல் இடம் வேண்டும், சரி. ஆனால் "ஆம்ப் இல்லாமல் அந்த ஹெட்ஃபோன் உயிரில்லாமல் ஒலிக்கும்" என்பது பெரும்பாலும் வால்யூம் போதாததன் வேறு பெயர்.

சென்சிடிவிட்டியைப் படிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு இவ்வளவு என்று எழுதும், சில ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு என்று எழுதும். 32 ஓம் ஹெட்ஃபோனில் இரண்டுக்கும் 15 டெசிபல் வித்தியாசம்! ஏகேஜி கே701-இல் 105 என்று போட்டிருப்பதைப் பார்த்து, நல்ல சத்தமான ஹெட்ஃபோன் என்று நினைத்தவர்கள் ஏராளம். அது வோல்ட் கணக்கு. அதன் 62 ஓமுக்கு மில்லிவாட் கணக்கில் மாற்றினால் 93தான் வரும். விளம்பரத் தாளில் எந்த அலகு என்று பார்க்காமல் இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிட்டு அறிவுரை வழங்குகிறவர்களை என்ன சொல்வது.

ஆம்ப் பக்கமும் இதே கதைதான். "32 ஓமில் 1 வாட்" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த ஆம்ப் 32 ஓமில் தருவது 5.7 வோல்ட். அதுதான் அதன் வோல்டேஜ் உச்சம் என்றால், 300 ஓமில் 107 மில்லிவாட்தான் வரும். எச்டி 600-க்கு அதுவே தாராளம், அது வேறு விஷயம். உங்கள் ஹெட்ஃபோனின் ஓமுக்குப் பக்கத்தில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது அவர்களுக்கு வசதியான எண்.

இனி அவுட்புட் இம்பீடன்ஸ். ஆம்ப் மாற்றினால் நிஜமாகவே டோன் மாறும் இடம் இதுதான். "எனக்கு வித்தியாசம் கேட்கிறது" என்று சொல்கிறவர்கள் எல்லாரும் கற்பனை செய்கிறார்கள் என்று நான் சொல்லாததும் இதனால்தான்.

1996-இல் வந்த ஐஇசி 61938 என்ற தர விதி, ஹெட்ஃபோன் அவுட்புட்டுக்கு 120 ஓம் என்று பரிந்துரைத்தது. பழைய ரிசீவர்கள் பலவற்றில் ஸ்பீக்கர் வரியிலிருந்தே ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக ஹெட்ஃபோன் சாக்கெட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். இன்றைய நல்ல சாலிட் ஸ்டேட் ஆம்பில் நெகட்டிவ் ஃபீட்பேக் (அவுட்புட்டை உள்ளே வருவதோடு ஒப்பிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு) புண்ணியத்தில் இது ஒரு ஓமுக்கும் கீழே. இந்த எண் ஏன் முக்கியம் என்றால், ஆம்பின் ஓமும் ஹெட்ஃபோனின் ஓமும் சேர்ந்து வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஹெட்ஃபோனின் ஓம் எல்லா ஸ்தாயியிலும் ஒன்றாக இருந்தால் மொத்தமாகச் சத்தம் குறையுமே தவிர டோன் மாறாது. மெல்லிய தட்டையான படலம் அதிர்ந்து ஒலிக்கும் பிளேனர் ஹெட்ஃபோன்கள் அப்படிப்பட்டவை. அவற்றின் இம்பீடன்ஸ் கோடு கிட்டத்தட்ட நேர்கோடு. அதனால் பிளேனரில் "இந்த ஆம்ப் பேஸைக் கூட்டியது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் வால்யூம் எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்பேன்.

காந்தத்துக்குள் கம்பிச்சுருள் அசைந்து ஒலிக்கும் வழக்கமான டைனமிக் டிரைவர் அப்படியில்லை. எச்டி 600-இன் 300 ஓம், பேஸ் பக்கம் 100 ஹெர்ட்ஸுக்கு அருகில் 500 ஓமைத் தாண்டிப் போகும். 120 ஓம் அவுட்புட்டில் மாட்டினால் அந்த இடத்தில் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல் பேஸ் எழும்பும். மெல்லிய மாற்றம், பலருக்குப் பிடிக்கவும் செய்யும். வால்வு ஆம்போடு இந்த ஹெட்ஃபோன் "சேர்கிறது" என்ற பேச்சில் பாதி இங்கே இருந்துதான் வருகிறது.

கூத்து இருப்பது பல டிரைவர் வைத்த இயர்ஃபோன்களில். பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற குட்டி டிரைவர்களும், ஒலியை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரும் சேரும்போது இம்பீடன்ஸ் கோடு மேடும் பள்ளமுமாகிவிடும். ஒரு இடத்தில் 10 ஓம், இன்னொரு இடத்தில் 40 ஓம் என்று இருக்கும் ஒன்றை 10 ஓம் அவுட்புட்டில் மாட்டினால் இரண்டு இடங்களுக்கும் நடுவே 4 டெசிபல் வித்தியாசம் முளைக்கும். நாலு டெசிபல் என்பது காதுள்ள யாருக்கும் கேட்கும், வேறு இயர்ஃபோன் வாங்கினது போல இருக்கும். எட்டிமோட்டிக் இதையே வேண்டுமென்று செய்தது: இஆர்4பி இயர்ஃபோனுக்கு 75 ஓம் ரெசிஸ்டர் உள்ள ஒரு அடாப்டர் வயரைச் சேர்த்தால் ட்ரெபிள் ஏறி அது இஆர்4எஸ் போல ஒலிக்கும். ஆம்பின் "குணம்" என்று புகழப்படுவது பல நேரங்களில் இப்படி ஒரு ரெசிஸ்டர் செய்யும் வேலை.

ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் ஆம்பின் ஓம் இருக்கட்டும் என்று ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு. 32 ஓமுக்கு 4. இயர்ஃபோன்காரர்கள் ஒரு ஓமுக்குக் கீழேயே தேடுவது நல்லது. ஒவ்வொரு காதையும் இரண்டு ஆம்ப் எதிரெதிராக ஓட்டும் பேலன்ஸ்டு அவுட்புட்டில் வோல்டேஜ் இரட்டிப்பாகும்போது அவுட்புட் இம்பீடன்ஸும் இரட்டிப்பாகும் என்பதை யாரும் பெட்டியில் எழுதுவதில்லை.

இனி இரைச்சலும் கெய்னும் (உள்ளே வரும் வோல்டேஜை ஆம்ப் எத்தனை மடங்காக்கும் என்ற எண்). சென்சிடிவிட்டி அதிகமான இயர்ஃபோனுக்கு 110 டெசிபல் வர 0.1 வோல்ட் போதும். எச்இ-6 ஓட்டுவதற்கென்று கட்டிய ராட்சத ஆம்பில் அதை மாட்டினால் பாட்டு தொடங்கும் முன்பே "ஸ்ஸ்ஸ்" கேட்கும், வால்யூம் குமிழை ஒரு மயிரிழை திருப்பினாலே காது கிழியும், அந்தக் கீழ்க்கோடியில் இடது வலது சத்தமும் சமமாக இருக்காது. பவர் அதிகம் என்றால் நல்லது என்று நினைத்து வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கெய்ன் கூடினாலும் தொல்லைதான். 2011-இல் சர்க்யூட் வரைபடத்தோடு வெளிவந்த ஓ2 ஆம்பில் கெய்ன் 2.5, 6.5 என்று இரண்டு நிலைகள். கெய்ன் பகுதி வால்யூம் குமிழுக்கு முன்னால் இருக்கிறது. 2 வோல்ட் தரும் டேக்கை (டிஜிட்டல் பாட்டை மின்சிக்னலாக்கும் கருவி) அதில் செருகி 6.5-ஐ அமுக்கினால் 13 வோல்ட் ஆக வேண்டும், ஆனால் அது சுமார் 7 வோல்ட்டிலேயே முட்டிவிடும். குமிழை எவ்வளவு குறைத்தாலும் இந்தக் கிளிப்பிங் (சிக்னலின் உச்சி வெட்டுப்படுவது) போகாது. அப்புறம் "ஓ2 கரகரப்பான ஆம்ப்" என்று ஒரு தீர்ப்பு! பட்டனை 2.5-க்கு மாற்றினால் தீரும் விஷயம்.

இந்த நாலும் சரியாக இருக்கிற இரண்டு சாலிட் ஸ்டேட் ஆம்ப்களை ஒப்பிடப் போகிறீர்களா, முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். காதால் அல்ல, மல்டிமீட்டரால். அரை டெசிபல் கூடுதலான ஆம்ப் "சத்தமாக" இருப்பதாகத் தெரியாது. "தெளிவாக, அகலமாக" இருப்பதாகத் தெரியும். அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். மலிவான மல்டிமீட்டர்கள் அதிக ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டும், அதனால் 60 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டிய நிலையிலேயே அவுட்புட் வோல்டேஜை அளந்து இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எது ஓடுகிறது என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

டோன் பிடிக்கவில்லை என்றால் அதற்கு ஆம்ப் மாற்றுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஹெட்ஃபோனுக்கு ஹெட்ஃபோன் 5, 10 டெசிபல் வித்தியாசம் சர்வசாதாரணம். காதுமெத்தை தேய்ந்தாலே பேஸ் மாறிவிடுகிறது. நல்ல ஆம்ப்களுக்கு நடுவே கேட்கும் அலைவரிசை முழுக்க அளந்தாலும் 0.1 டெசிபல் தேறுவது கடினம். ஈக்யூவில் இரண்டு பட்டையை நகர்த்தினால் கிடைப்பது, பத்து ஆம்ப் மாற்றினாலும் கிடைக்காது. அழகான அலுமினியப் பெட்டி, கனமான குமிழ், அதைத் திருப்பும்போது கையில் கிடைக்கும் சுகம், இதற்காக வாங்குகிறேன் என்று சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். அந்த ஆசை எனக்கும் உண்டு.

எச்டி 600, ஒரு பிளேனர், ஒரு இயர்ஃபோன் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆம்ப் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: அவுட்புட் ஒரு ஓமுக்குக் கீழே, 50 ஓமில் அரை வாட், கெய்ன் 1-க்கு இறங்கும் ஸ்விட்ச், இயர்ஃபோனில் இரைச்சல் கேட்காத அமைதி. இவ்வளவும் இருந்தால் பிராண்ட் எதுவானாலும் எடுங்கள். வாங்கிய பிறகும் சத்தம் சமமாக்கிக் கேட்டு வித்தியாசம் தெரிந்தால், ஆம்ப் மாடல், ஹெட்ஃபோன் மாடல், அளந்த வோல்டேஜ் மூன்றையும் எனக்கு எழுதுங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.