குறுஞ்செய்தி இலக்கணத்தைக் கெடுத்துவிட்டதா?

'போனில் சுருக்கிச் சுருக்கி எழுதியே பிள்ளைகளின் ஆங்கிலம் பாழாகிவிட்டது, ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்கள்' என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அப்படி நிரூபணம் ஆகவில்லை.

பிரிட்டனின் கவென்ட்ரி பல்கலைக்கழகத்தில் பெவர்லி பிளெஸ்டரும் கிளேர் வுட்டும் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு நேர் எதிரானது. சுருக்கங்களை அதிகம் கையாண்டவர்களே சொற்களை வாசிப்பதில் தேறியிருந்தார்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை. ஒலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தானே 'கிரேட்' என்பதை ஜி, ஆர், 8 என்று எழுத வரும்?

சரி, மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வொன்று (2012), சுருக்கங்களை அதிகம் பயன்படுத்திய மாணவர்கள் இலக்கணத் தேர்வில் குறைவாக மதிப்பெண் பெற்றதாகச் சொன்னது. பகிரப்படும் தகவலுக்கு இது தீனி போட்டிருக்கலாம். ஆனால் அது காட்டியது தொடர்பை மட்டும்தான். எது காரணம், எது விளைவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சுருக்கம் பிறந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. பழைய பட்டன் போனில் 'எஸ்' வேண்டுமென்றால் 7ஆம் பொத்தானை நான்கு தடவை அழுத்தணும். ஒரு செய்திக்கு 160 எழுத்துதான். தாண்டினால் இன்னொரு செய்திக்கான காசு. முழு விசைப்பலகை வந்த பிறகு அந்தத் தேவையே குறைந்துபோனது.