உண்மை விளக்கம்: தோற்ற ஃபெடரரை ரசிகர்கள் கைவிட்டார்களா?

‘2013-இல் சறுக்கத் தொடங்கியதும் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரரின் ரசிகர்கள் வேறு வீரர்களிடம் போய்விட்டார்கள்’ என்று ஒரு செய்தி பரவி வருகிறது. இது தவறு.

சறுக்கல் உண்மைதான். அந்த ஆண்டு விம்பிள்டன் இரண்டாவது சுற்றிலேயே, தரவரிசையில் 116-ஆவது இடத்தில் இருந்த ஸ்டாகோவ்ஸ்கியிடம் தோற்றார். 2012 விம்பிள்டனுக்குப் பின் அடுத்த கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய தொடர்கள்) பட்டம் 2017-இல்தான் கிடைத்தது. ஆனால், ஆண்கள் டென்னிஸ் அமைப்பான ஏடிபி வழங்கும், ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருதை 2003 முதல் 2021 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் 19 முறை வென்றவர் அவரே. பட்டமே வெல்லாத 2016-உம் அதில் அடக்கம்! காயத்தால் ஒரே ஒரு தொடரில் ஆடிய 2020-உம் அப்படித்தான்.

2021 விம்பிள்டன் காலிறுதியை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. சமநிலையில் இருந்த செட்டை முடிவுசெய்யும் டைபிரேக்கரில், வலையை நோக்கி ஓடிவந்த ஃபெடரர் கால் வழுக்கி, எளிய பந்தைத் தவறவிட்டார். கடைசி செட்டை 0-6 என்று இழந்து தோற்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வெளியேறியபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கைவிட்டவர்கள் அப்படி எழுந்து நிற்பார்களா?