சங்குப்பூ நிறம் கேட்டேன், கத்தரிக்காய் நிறம் தந்தார்கள்

நான் கேட்டது எங்கள் வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூவின் நிறம். நீலமும் ஊதாவும் கலந்து, நீலத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்த நிறம். பொழுது பட்ட கையோடு உப்புவெளிக் கரையில் நின்று கடல் பக்கம் பார்த்தால், அடிவானம் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். திருகோணமலையில் பிறந்தவளுக்கு அது தெரியாத நிறமா? அந்த நிறப் பெயின்டைத்தான் வீட்டு ஹோலுக்கு அடிக்க ஆசைப்பட்டேன். சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அது.

பூவைப் பிடுங்கிக்கொண்டே கடைக்குப் போனேன். கடைக்காரர் பூவைத் திரும்பியும் பார்க்கவில்லை. நிற மாதிரிகள் அச்சடித்த அட்டையை, அதுதான் கலர் காட்டை, எடுத்துப் போட்டு, முத்திரை அளவில் ஒரு கட்டத்தைக் காட்டி, "இதுதான் அக்கா, ஊதா" என்றார். முதலில் ஒரு லீற்றர் தாருங்கள், சுவரில் பூசிப் பார்க்கிறேன் என்றேன். கலக்கிற கலர் 4 லீற்றருக்குக் குறையத் தரமாட்டார்களாம். கலந்தபின் திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம். அப்போ நான் எதை நம்பி வாங்குவது? அந்த முத்திரையையா?

நாலு சுவரிலும் ஏறியதும் நிறம் இருண்டுவிட்டது. ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பினால் கலர் காட்டில் பார்த்ததைவிட அடர்த்தியாகத்தானே தெரியும்? இதைக் கடையில் ஒருவர் சொல்லியிருக்கலாம். பெயின்ட் அடித்த தம்பியோ, "காய்ஞ்சா வெளுக்கும் அக்கா" என்று மூன்று நாள் சொன்னார். எமல்ஷன் என்கிற இந்தச் சுவர்ப் பெயின்ட் ஈரத்தில்தான் பால் கலந்ததுபோல வெளிறித் தெரியும், காயக் காய இருளும். வருடக்கணக்காகச் சுவர் பூசுகிறவருக்கு இது தெரியாதா?

இரவில் லைட்டைப் போட்டபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. எங்கள் ஹோலில் இருப்பது மஞ்சள் வெளிச்சம், 3000 கெல்வின் பல்ப். அந்த வெளிச்சத்தில் நீலம் குறைவு. அதனால் பெயின்டில் உள்ள நீலம் அமுங்கி, சிவப்புச் சாயல் மேலே வந்துவிடும். பகலில் பாதியாவது சங்குப்பூ, இரவில் முழுக் கத்தரிக்காய். 6500 கெல்வின் வெள்ளை பல்ப் போட்டால் நீலம் திரும்பி வருகிறது, ஆனால் வீடு ஆஸ்பத்திரி வார்ட் மாதிரி இருக்கிறது. "வீட்டில் என்ன லைட் போட்டிருக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி. அதைக் கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்கவில்லையே!

இரண்டாவது டின் இன்னொரு கொடுமை. கலக்கும்போது ஊதாச் சாயம் கொஞ்சம் கூடினாலே இந்த நிறம் மாறிவிடும். இரண்டு டின்னையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடித்திருந்தால் தெரிந்திருக்காது. அதுவும் செய்யவில்லை. இப்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு நிறம், இந்தப் பக்கம் ஒரு நிறம். அம்மா அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் கதிரையைப் போட்டு உட்காருகிறார்.

நேற்றுத் திரும்பவும் கடைக்குப் போனேன். "முதல்ல வெள்ளை ரெண்டு கோட் அடிங்க அக்கா, பிறகு புதுக் கலர் கலந்து தாறன்" என்றார். மேசையில் அதே கலர் காட். அந்த வெள்ளைக்கும் காசு நான்தான் கொடுக்க வேண்டுமாம்.